5 லட்சமா, 25 லட்சமா: மருத்துவக் காப்பீட்டு வாக்குறுதிகளை மதுரையிலிருந்து பார்த்தால்

தேர்தல் வந்துவிட்டால் மருத்துவக் காப்பீட்டைப் பற்றிக் கட்சிகள் பேசுவதெல்லாம் ஒரே ஒரு எண்ணில் வந்து நின்றுவிடுகிறது. ஒருவர் 5 லட்சம் என்பார், அடுத்தவர் 25 லட்சம் என்பார், டிவி விவாதமும் அதைச் சுற்றியே ஓடும். ஆனால் மதுரை மாவட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த எந்தக் குடும்பத்திடம் பேசினாலும் இந்த எண் பேச்சிலேயே வராது. கார்டு கிடைத்ததா, அந்த ஆஸ்பத்திரியில் கார்டை எடுத்துக்கொண்டார்களா, அப்ரூவல் எப்போது வந்தது, அதற்குள் கையிலிருந்து எவ்வளவு போனது, இவைதான் வரும். கட்சிகள் சொல்வதற்கும் சனங்கள் கேட்பதற்கும் நடுவில் இவ்வளவு தூரம் எப்படி வந்தது என்று தெரியாமல் எந்த வாக்குறுதி நல்லது என்று சொல்ல முடியாது. அதற்குக் கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

2007-ல் ஆந்திராவில் அப்போதைய முதலமைச்சர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி ஆரோக்யஸ்ரீ திட்டத்தைக் கொண்டுவந்தார். ஏழைக் குடும்பம் தனியார் ஆஸ்பத்திரியில் இதய ஆபரேஷன் செய்துகொள்ளலாம், பில்லை அரசு பார்த்துக்கொள்ளும். இரண்டே ஆண்டில், 2009 ஜூலையில், தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு 4 ஆண்டுக்கும் சேர்த்து 1 லட்சம், நடத்தியது ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் கம்பெனி. 2011-ல் ஆட்சி மாறியதும் அந்தத் திட்டம் நின்றது. ஆனால் காப்பீடே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 2012 ஜனவரி 11 அன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் ஜெயலலிதா அரசு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆண்டுக்கு 1 லட்சம் என்று ஆனது, கம்பெனியும் பொதுத்துறையைச் சேர்ந்த யுனைடெட் இந்தியா என்று மாறியது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் வந்து இதோடு சேர்ந்தபோது வரம்பு 5 லட்சமாக உயர்ந்தது. 2022 ஜனவரியில் திமுக அரசு அதே யுனைடெட் இந்தியாவோடு 5 ஆண்டுக்குப் புது ஒப்பந்தம் போட்டு, சேருவதற்கான குடும்ப வருமான வரம்பையும் ஆண்டுக்கு 72,000 ரூபாயிலிருந்து 1.20 லட்சமாக உயர்த்தியது.

இதில் கவனிக்க வேண்டியது, ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் பெயர் மாற்றத்தான் முடிந்தது, எடுத்துவிட முடியவில்லை என்பது. கையில் ஒருமுறை வந்துவிட்ட மருத்துவ வசதியைச் சனங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. 2010-ல் ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சட்டமான பிறகு பல ஆண்டுகள் கருத்துக்கணிப்புகளில் அதற்கு எதிர்ப்பும் ஆதரவும் இழுபறியாகவே இருந்தன, பல சமயம் எதிர்ப்புதான் மேலே இருந்தது. 2017-ல் டிரம்ப் அதை ரத்து செய்யக் கிளம்பியதும் ஆதரவு மேலே ஏறிவிட்டது, ரத்து முயற்சி செனட்டில் 49-க்கு 51 என்று தோற்றுப்போனது. இழந்துவிடுவோமோ என்ற பயம் வரும்போதுதான் மருத்துவம் ஓட்டாக மாறுகிறது. மற்ற நேரங்களில் அது அவரவர் வீட்டுக் கஷ்டமாகவே இருந்துவிடுகிறது.

சரி, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் யார் என்ன சொன்னார்கள் என்று பார்ப்போம். பாஜக, 70 வயதைத் தாண்டிய எல்லோரையும், வருமானம் பார்க்காமல், ஆயுஷ்மான் பாரத்தின் 5 லட்சம் காப்பீட்டுக்குள் கொண்டுவருவோம் என்றது; அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று தொடங்கியும் வைத்தது. காங்கிரஸ், ராஜஸ்தான் மாதிரியில் 25 லட்சம் வரை பணமில்லாச் சிகிச்சையை நாடு முழுக்கக் கொண்டுவருவோம் என்றது. இடதுசாரிகளின் பார்வையே வேறு. காப்பீடு என்ற பெயரில் அரசுப் பணம் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறது, அதை அரசு ஆஸ்பத்திரியில் போடுங்கள் என்பது அவர்களுடைய நீண்ட நாள் வாதம். கல்வியும் மருத்துவமும் முழுக்க இலவசமாக வேண்டும் என்று பாமகவும் நாம் தமிழரும் தொடர்ந்து சொல்லிவருகின்றன. எங்கிருந்து பணம், எத்தனை ஆண்டில் என்ற விவரத்துக்குள் அந்தப் பேச்சு அதிகம் போவதில்லை.

நம் பக்கத்தில் இது இன்னும் சுவாரசியமாக இருந்தது. மதுரைத் தொகுதியில் திமுக கூட்டணி வேட்பாளர் மார்க்சிஸ்ட் கட்சியைச் சேர்ந்த சு. வெங்கடேசன். திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் மதுரை மாவட்டத்தில்தான் இருக்கின்றன, ஆனால் நாடாளுமன்றத்துக்கு விருதுநகர்த் தொகுதியோடு சேர்ந்தவை; அங்கே அதே கூட்டணிக்குக் காங்கிரஸ் வேட்பாளர். ஆக ஒரே மாவட்டத்தில், ஒரே கூட்டணியில், காப்பீட்டை 25 லட்சமாக்குவோம் என்ற கட்சிக்கு ஒரு பகுதியில் ஓட்டுக் கேட்டார்கள், காப்பீட்டையே சந்தேகப்படுகிற கட்சிக்கு இன்னொரு பகுதியில் ஓட்டுக் கேட்டார்கள். இரண்டும் ஜெயித்தன. இந்த முரண்பாட்டைப் பற்றி யாரும் யாரையும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம், ஏனென்றால் இது சின்ன வேறுபாடு இல்லை. பணம் நோயாளியின் பின்னால் போக வேண்டுமா, ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டுமா என்ற அடிப்படைக் கேள்வி இது.

முதலில் அந்த எண்ணைப் பார்த்துவிடலாம். 2017-18-ல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, நகரத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் ஒருமுறை அட்மிட் ஆனால் சராசரிச் செலவு 38,822 ரூபாய், கிராமத்தில் 27,347. அரசு ஆஸ்பத்திரியில் ஐயாயிரத்துக்குள். இது இந்தியா முழுமைக்குமான சராசரி, பழைய கணக்கு, இப்போது இரண்டு மடங்கு ஆகியிருந்தாலும் 5 லட்சத்தின் பக்கத்தில்கூட வராது. கல்லீரல் மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று மாதிரிச் சிகிச்சைகளுக்குப் பெரிய தொகை தேவைதான், அந்தக் குடும்பங்களுக்கு அது உயிர்ப்பிரச்சினை, தமிழ்நாட்டுத் திட்டத்தில் அவற்றுக்குத் தனி ஏற்பாடும் உண்டு. ஆனால் பெரும்பாலான குடும்பங்களுக்கு வரம்பு 5 லட்சமோ 25 லட்சமோ எந்த வித்தியாசமும் இல்லை. வரம்பை உயர்த்தினால் அரசுக்குப் பெரிதாகச் செலவு ஏறாது, மேடையில் மட்டும் ஐந்து மடங்காகத் தெரியும். அதனால்தான் எல்லோரும் அதையே உயர்த்துகிறார்கள்.

உண்மையில் குடும்பங்களை வெளியே நிறுத்துவது வருமான வரம்பு. ஆண்டுக்கு 1.20 லட்சம் என்றால் மாதம் 10,000 ரூபாய். கணவன் மனைவி இரண்டு பேர் சம்பாத்தியத்தையும் சேர்த்துத்தான் இந்தப் பத்தாயிரம். மாசி வீதியில் ஜவுளிக்கடையில் நிற்கிற அண்ணனுக்கும், ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தம்பிக்கும், டவுன்ஹால் ரோட்டில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறவருக்கும், வீட்டில் இன்னொருவரும் வேலைக்குப் போனால் நேர்மையாகக் கணக்குப் போட்டால் கார்டு கிடையாது. கடையில் 10 பேராவது வேலை பார்த்து, சம்பளம் 21,000-க்குள் இருந்து, முதலாளி ஒழுங்காகப் பதிவு செய்திருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. சொந்தத் தொழில் என்றால் அதுவும் இல்லை. அரசு ஊழியருக்குத் தனிக் காப்பீடு இருக்கிறது, வசதியானவர்கள் பாலிசி எடுத்துக்கொள்கிறார்கள். நடுவில் இருப்பவர்கள்தான் அந்தரத்தில் நிற்கிறார்கள். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, நாட்டில் குறைந்தது 30 சதவீதம் பேர், அதாவது 40 கோடி மக்கள், எந்தக் காப்பீடும் இல்லாமல் இப்படி நடுவில் மாட்டியிருப்பதாகச் சொன்னது.

நடைமுறையில் என்ன ஆகிறது? வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்று வந்த பிறகுதான் கார்டு ஞாபகம் வருகிறது. ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் நிற்க, இன்னொரு பிள்ளை ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ.வைத் தேடிப் போகும், வருமானச் சான்று வாங்கி, அங்கிருந்து கலெக்டர் ஆபீஸ் கவுண்டருக்கு ஓடும். வி.ஏ.ஓ.வும் பார்க்கிறார், உயிர் போகிற நேரத்தில் வந்து நிற்கிறவரிடம் உன் குடும்ப வருமானம் மாதம் 14,000 ஆயிற்றே என்று எப்படிச் சொல்வது? எழுதிக்கொடுத்துவிடுகிறார். நம் ஊரில் இந்த வரம்பு ஓரளவு தாங்குவதற்கு அந்த இரக்கமும் ஒரு காரணம். ஒரு அரசுத் திட்டம் இரக்கத்தை நம்பி நிற்கக் கூடாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் தெரிந்த ஆள் இல்லாதவனுக்கு, ஊர் விட்டு ஊர் வந்து வாடகைக்கு இருப்பவனுக்கு, அந்தக் கையெழுத்து அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. பக்கத்தில் ஆந்திராவில் ஜெகன்மோகன் ரெட்டி ஆட்சியில் வருமான வரம்பை 5 லட்சமாக்கினார்கள். ராஜஸ்தானில் 2021-ல் கொண்டுவந்த சிரஞ்சீவி திட்டத்தில், ஏழைகளுக்கு இலவசம், மற்ற யாராக இருந்தாலும் ஆண்டுக்கு 850 ரூபாய் கட்டிச் சேரலாம் என்று வைத்தார்கள். என்னைக் கேட்டால் அந்த 25 லட்சத்தைவிட இந்த 850 ரூபாய்தான் பெரிய யோசனை. காங்கிரஸ் 2024-ல் மேடைக்கு மேடை சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான், ஆனால் வெளியே போய்ச் சேர்ந்தது 25 லட்சம் மட்டும்.

பாஜகவின் 70 வயதுத் திட்டத்திலும் இந்த ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, வருமானச் சான்று கேட்பதில்லை. செலவில் மத்திய அரசு 60, மாநிலம் 40. ஆனால் 58 வயதில் கிட்னி போனவருக்கு அதில் ஒன்றும் இல்லை, கூலி வேலை பார்த்தவர்களில் எத்தனை பேர் 70-ஐத் தாண்டி வருகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். சொந்தமாகப் பாலிசி எடுப்பவர்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது நல்லது, ஆனால் அது ஏற்கெனவே பாலிசி கட்ட முடிகிறவர்களுக்கான உதவி.

அடுத்து, காப்பீடு எதற்குச் செல்லும் என்ற கேள்வி. மதுரை கோரிப்பாளையத்தில் இறங்கிப் பனகல் ரோட்டில் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி, வரைக்கும் நடந்து பாருங்கள். மெடிக்கல், லேப், ஸ்கேன் சென்டர், மறுபடி மெடிக்கல். தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று சுற்றுப்பட்டு எல்லாம் வந்து இறங்குகிற இடம் அது. அங்கே டீக்கடைப் பெஞ்சில் பேச்சுக் கொடுத்தபோது உசிலம்பட்டிப் பக்கத்து அக்கா ஒருவர் சொன்னது அப்படியே மனதில் நிற்கிறது. அவர் கணவர் கொத்தனார், தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். “கார்டுலதான் பாத்தாக தம்பி, ஒத்தப் பைசா வாங்கல. ஆனா கார்டு பாஸாகுறதுக்குள்ள கம்மல் அடகுக்குப் போயிருச்சு. இப்ப மாசாமாசம் மாத்திரைக்குக் கார்டு இல்லைங்குறாக.” அவர் வாயில் குறையாகக்கூட வரவில்லை, நடந்ததை அப்படியே சொன்னார். அட்மிட் ஆவதற்கு முன்னால் எடுக்கிற டெஸ்ட், அப்ரூவல் வரும் வரை கட்டச் சொல்கிற முன்பணம், கூட இருப்பவரின் சாப்பாடும் பஸ் காசும், அவர் விட்ட கூலி, வீட்டுக்கு வந்த பிறகு ஆயுசு முழுக்க மாத்திரை. காப்பீடு பெரும்பாலும் பார்ப்பது நடுவில் உள்ள ஆபரேஷனை. முன்னும் பின்னும் குடும்பத்தின் தலையில்.

முன்பணம் வாங்கக் கூடாது என்பது திட்டத்தின் விதி. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதல் கேள்வியே “கார்டா, கேஷா?” என்றுதான் வருகிறது, கார்டு என்றால் பெட் இல்லை என்று பதில் வருகிற இடங்களும் உண்டு. தனியார் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு நிர்ணயித்த பேக்கேஜ் தொகை மார்க்கெட் ரேட்டைவிடக் குறைவு, அதுவும் தாமதமாக வரும். ஆந்திராவில் 2024 தேர்தல் நேரத்திலேயே பாக்கி சேர்ந்துபோய்த் தனியார் ஆஸ்பத்திரிகள் ஆரோக்யஸ்ரீ சிகிச்சையை நிறுத்தினார்கள். ராஜஸ்தானில் 2023-ல் மருத்துவ உரிமைச் சட்டம் கொண்டுவந்தபோது, அவசரச் சிகிச்சைக்குப் பணம் யார் தருவது என்று கேட்டுத் தனியார் டாக்டர்கள் தெருவுக்கே வந்துவிட்டார்கள். 25 லட்சம் என்று வாக்குறுதி கொடுப்பவர், ஆஸ்பத்திரிக்கு எத்தனை நாளில் பணம் பட்டுவாடா ஆகும் என்றும் சேர்த்துச் சொன்னால்தான் அது வாக்குறுதி.

இப்போது பணத்தைப் பார்ப்போம், ஏனென்றால் எனக்கு இந்தக் கணக்குதான் கண்ணைத் திறந்தது. 2022 ஒப்பந்தத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு பிரீமியம் 849 ரூபாய், குடும்பங்கள் 1.37 கோடி. பெருக்கினால் சுமார் 1,160 கோடி. தமிழ்நாட்டின் சுகாதாரத் துறைக்கு 2024-25 பட்ஜெட்டில் ஒதுக்கியது 20,198 கோடி. அதாவது மேடைப் பேச்சில் முக்கால்வாசியை எடுத்துக்கொள்கிற காப்பீடு, செலவில் பதினேழில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் டாக்டர் சம்பளம், நர்ஸ் சம்பளம், மருந்து, கட்டிடம், ஆரம்ப சுகாதார நிலையம். இந்தக் காப்பீட்டுப் பணத்திலும் ஒரு பகுதி அரசு ஆஸ்பத்திரிக்கே திரும்பி வருகிறது. பெரியாஸ்பத்திரியில் கார்டு கேட்பது அதனால்தான், கார்டு இருந்தால் அந்தச் சிகிச்சைக்கான தொகை ஆஸ்பத்திரிக்கு வரும், கார்டு இல்லை என்றாலும் சிகிச்சை இலவசம்தான். இதைத் தெரியாமல் “அரசு ஆஸ்பத்திரியிலும் கார்டு கேக்குறாக” என்று கோபப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசமாகக் கிடைப்பதும் காப்பீட்டால் வந்ததில்லை. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்கு வழியாக அனுப்புகிற முறையைக் கொண்டுவந்தது, அதைப் பார்த்து ராஜஸ்தான், கேரளம் எல்லாம் கழகம் ஆரம்பித்தார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிற மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்டில் தொடங்கியது, அதுவும் காப்பீடு இல்லை. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, கார்டு இருக்கிறதா, எந்த ஊர்க்காரர் என்று கேட்காமல் தருகிற இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. ரிங் ரோட்டிலும் நான்கு வழிச்சாலையிலும் பைக்கில் போய் விழுகிற நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விபத்து வார்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வருமானச் சான்று கேட்காத திட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் நம்மிடமே இருக்கிறது. நாடு முழுக்க மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து போகிற பங்கு 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்தது 2021-22-ல் 39.4 ஆகக் குறைந்திருப்பதாக அரசுக் கணக்குச் சொல்கிறது. அதே ஆண்டில் அரசின் மருத்துவச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.84 சதவீதம். 2025-க்குள் 2.5 ஆக்குவோம் என்று 2017 தேசியக் கொள்கையில் எழுதியிருந்தார்கள். எந்தக் கட்சியின் பிரச்சாரத்திலும் இந்த இரண்டு எண்ணுக்கு இடையிலான தூரம் பெரிதாகப் பேசப்படவில்லை.

அப்புறம் சனங்கள் என்ன நினைக்கிறார்கள்? 2024 தேர்தலுக்கு முன் சிஎஸ்டிஎஸ்-லோக்நீதி என்ற ஆய்வு அமைப்பு எடுத்த கணிப்பில் முக்கியப் பிரச்சினை எது என்று கேட்டதற்கு 27 சதவீதம் பேர் வேலையின்மை என்றார்கள், 23 சதவீதம் பேர் விலைவாசி என்றார்கள். மருத்துவம் முன்வரிசையிலேயே இல்லை. வரம்பை 25 லட்சமாக்கிய ராஜஸ்தான் காங்கிரஸ் அரசு 2023 டிசம்பரில் தோற்றது; அதே மாதம் ஆரோக்யஸ்ரீயை 25 லட்சமாக்கிய ஜெகன் அரசு ஆறே மாதத்தில் தோற்றது; இங்கே 2009-ல் காப்பீடு தந்த திமுக 2011-ல் தோற்றது. இதை வைத்து மருத்துவத்துக்கு ஓட்டு விழாது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாத ஆண்டில் காப்பீட்டுக் கார்டு பீரோவில் கிடக்கும், அதன் வரம்பு ஏறியதா இறங்கியதா என்று யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரிகிற ஆஸ்பத்திரி அப்படி இல்லை. தோப்பூர் எய்ம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார், கட்டிட வேலை 2024-ல்தான் தொடங்கியது, 2022-ல் சேர்ந்த மாணவர்கள் ராமநாதபுரத்தில் உட்கார்ந்து படித்தார்கள். 2021 பிரச்சாரத்தில் உதயநிதி ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக் காட்டி இதுதான் எய்ம்ஸ் என்றது மாநிலம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. மருத்துவத்தைப் பற்றி எங்களுக்கு அக்கறை இல்லாமல் இருந்தால் அந்தச் செங்கல் யார் மனதிலும் நின்றிருக்காது.

அதனால் வேட்பாளர் தெருவுக்கு வரும்போது எத்தனை லட்சம் என்று கேட்பதில் பயனில்லை. மாதம் 15,000 சம்பாதிக்கிற வீட்டுக்குக் கார்டு உண்டா, அட்மிட் ஆவதற்கு முந்தின டெஸ்ட்டும் வந்த பிறகு மாத்திரையும் அதில் சேருமா, கார்டை மறுக்கிற ஆஸ்பத்திரியை யாரிடம் சொல்வது, உசிலம்பட்டி, மேலூர் அரசு ஆஸ்பத்திரிகளில் ராத்திரி நெஞ்சுவலி என்று போனால் பார்க்க டாக்டர் இருப்பாரா அல்லது மதுரைக்குத்தான் அனுப்புவார்களா, இவற்றைக் கேளுங்கள். கேட்பதற்குச் சரியான நேரமும் இருக்கிறது. 2022 ஜனவரியில் போட்ட 5 ஆண்டு ஒப்பந்தம் 2027 ஜனவரியில் முடிகிறது. வருமான வரம்பு, பேக்கேஜ் தொகை, கம்பெனி வழியாகவா அரசே நேராகவா என்பதெல்லாம் அப்போது புதிதாக எழுதப்படும். எழுதப்போவது 2026 சட்டமன்றத் தேர்தலில் அமைகிற அரசு.